எதிர்காற்றுக்கு ஒரு பல்சக்கரம்

சேசு மரி சூசை

ஆலங்குடி,
16-8-1959, ஞாயிறு.

அன்பு மகன் இன்னாசிமுத்துவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாகவே இருக்கிறோம், அங்கே சீமையில் உன் உடம்பும் உன் வேலையும் அப்படியே இருக்க வேண்டும் என்று நேற்று மாதா திருநாள் பூசையில் உன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். உன் கடிதம் வந்தது. அதற்கு முன்பே உன் நண்பர் கப்பலில் கொண்டுவந்து திருச்சியில் உன் அக்கா வீட்டில் கொடுத்த பார்சலும் வந்து சேர்ந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனது சோம்பலால் அல்ல, நீ அனுப்பிய சைக்கிள் சாமான்களை மாட்டி ஓட்டிப் பார்க்காமல் நன்றி என்று எழுத எனக்கு வரவில்லை, ஓட்டிப் பார்த்துவிட்டேன், அதனால் இப்போது எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை முன்னைவிடக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காலையும் மாலையும் நான்தான் ஊசி போடுகிறேன், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் போட்டால் வலிக்கிறதாம், நான் போட்டால் வலிப்பதில்லையாம், இதை நான் நம்பவில்லை, ஆனாலும் மறுக்கவில்லை. ரிஜிஸ்தர் ஆபீசுக்கு ஒழுங்காகப் போய்வருகிறார். நீ அனுப்பிய கம்பளிக் கழுத்துத்துணியை இந்த வெயிலில் ஆபீசுக்குச் சுற்றிக்கொண்டு போய் எல்லாரிடமும் காட்டிவிட்டு வந்தார், பிறகு மார்கழிக்கு ஆகும் என்று பெட்டியில் வைத்தேன். உன் அக்காவுக்கு இது ஏழாம் மாதம், குழந்தை பெற இங்கேதான் வருவாள், கால் வீக்கம் இருக்கிறதென்று எழுதியிருந்தாள், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். மற்றபடி வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். இந்தச் சாமான்களை மாட்டியும் சிரமம் தீராவிட்டால் வேலையை விட்டுவிடு அம்மா என்று கடைசியில் எழுதியிருந்தாய். பள்ளிக்கூட விஷயத்தை உனக்கு நான் முழுதாக எழுதவில்லை, எழுதியிருந்தால் அந்த வரியை நீ எழுதியிருக்க மாட்டாய். பூவன்விடுதிப் பள்ளிக்கு இந்த ஜூனில் எட்டாம் வகுப்பு கிடைத்தது. மானேஜர் பெரியண்ணன் நிலம் கொடுத்துக் கட்டடம் கட்டியவர், மூன்று வருஷம் அலைந்து வாங்கினார். வகுப்பில் பதினோரு பெண்கள் சேர்ந்தார்கள். ஊர்க்காரர்கள் பெண்களை அனுப்பச் சம்மதித்ததே ஒரு பொம்பளை டீச்சர் பாடம் எடுப்பதாக இருந்தால் என்ற பேச்சின்மேல்தான். அங்கே பட்டம் வாங்கிய பெண் நான் ஒருத்திதான், ஆகவே முதல் மணி அடிக்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும். ஆனால் பெரியண்ணன் தன் மகள் முத்தாளை மட்டும் சேர்க்கவில்லை. ஏழாம் வகுப்பில் என்னிடம் கணக்கில் முதலாவதாக வந்த பெண். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன். “நீங்க மொதல்ல ஆடியத் தாண்டுங்க டீச்சரம்மா, பொறவு பாப்போம்” என்றார். என்னை அவமதிக்கச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, போன வருஷம் ஆடிக் காற்றில் நான் எத்தனை நாள் தாமதமாக வந்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த ஊருக்குப் பஸ் இல்லை. விலக்கு ரோட்டில் இறங்கி நடந்தால் இரண்டாம் பாடவேளைதான். சீக்கிரம் கிளம்பலாமே என்று கேட்பாய், அப்பாவுக்கு ஊசி போட்டு, அவர் சாப்பிட்டு முடித்து, மயக்கம் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் நான் வாசலில் இறங்க முடியும். அந்த ஊரிலேயே தங்கவும் அதனால்தான் முடியாது. கன்னியர் மடத்தில் நான் வாங்கிய அதே லேடீஸ் சைக்கிள், காலையில் மேற்கே எதிர்காற்று, இவ்வளவுதான் என்னிடம் இருப்பது.

பார்சலைப் பிரித்ததும் கடைத்தெரு குழந்தைசாமியிடம் கொண்டுபோனேன், வாடகைச் சைக்கிள் கடை வைத்திருப்பவர், உனக்குத் தெரியும். சாமான்களைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்துவிட்டது, அன்றைக்கே எல்லாவற்றையும் மாட்டிவிட வேண்டும் என்று நின்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால் எது உதவியது, எது கெடுத்தது என்று எப்படித் தெரியும், ஒரு வாரத்துக்கு ஒன்று என்று சொன்னேன். “கல்யாணப் பொண்ணுக்கு வாரத்துக்கு ஒரு நகையாவா போடுவாங்க டீச்சர்” என்று கேட்டார். போட்டுப் பார்த்துக் கழற்றுகிற நகை இது என்றேன், அவருக்கு அது பிடிக்கவில்லை.

முதலில் வளைந்த ஹேண்டில் பார். குனிந்து ஓட்டினால் காற்று குறைவாக மோதுகிறது என்று நீ எழுதியது உண்மை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குனிந்தால் எனக்குத் தெரிவது முன் சக்கரமும் செம்மண்ணும்தான், எதிரே வரும் மாட்டு வண்டி தெரிவதில்லை, ஏறிட்டுப் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. முந்திரித் தோப்புக்குப் பக்கத்தில் கடலைக் கொல்லையில் களை எடுக்கும் காத்தாயி மற்றப் பெண்களிடம், “டீச்சரு எதையோ தொலச்சுப்புட்டு தெனமும் தேடிக்கிட்டே போறாங்க, பாவம்” என்று சொன்னது எனக்கே கேட்டது. அந்த வாரக் கடைசியில் கழற்றிவிட்டேன். கம்பி பிரேக்கை மாட்டவே முடியவில்லை, அது ரிம்மின் பக்கவாட்டைக் கவ்வுகிற பிரேக், என் ரிம் உள்பக்கம் அழுத்துகிற பிரேக்குக்காகச் செய்தது, பிரேக்குக்காக இரண்டு ரிம்மையும் மாற்றுவது என்ன நியாயம், பழைய பிரேக் கட்டையில் தேய்ந்துபோன ரப்பரை மட்டும் மாற்றச் சொன்னேன், இப்போது சொன்ன இடத்தில் நிற்கிறது. மெட்ராசில் அலுமினிய ரிம்மும் மெல்லிய டயரும் வாங்கிக்கொள் என்று எழுதியிருந்தாய். நீ ஓட்டுவது தார் ரோடு, நான் ஓட்டுவது சரளையும் கருவேல முள்ளும், எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது சரி, பஞ்சர் ஆகி நிற்கும் சைக்கிளுக்கு வேகம் ஏது, அதனால் தடித்த டயரே புதிதாகப் போட்டிருக்கிறேன்.

கடைசியாகக் கியர். உன் கிளப்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், எல்லாரும் வைத்திருப்பது எனக்கு ஒரு காரணம் ஆகாது, ஆனாலும் இதை மாட்டிய முதல் நாளே தெரிந்தது, நீ அனுப்பியவற்றில் எனக்கு வேண்டியது இதுதான் என்று. செயினைப் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றிவிட்டால் எதிர்காற்றில் கால் இலேசாகச் சுற்றுகிறது, மூச்சு வாங்காமல் போய்ச் சேர்ந்தேன். மனம் நிறைந்து உனக்கு அன்றைக்கே எழுதியிருப்பேன், எழுதாதது நல்லதாயிற்று. இந்தக் கியரை மாட்டுவதற்காகக் குழந்தைசாமி செயின் மூடியைக் கழற்றிவிட்டார். வேறு வழியில்லை, செயின் இங்கிட்டும் அங்கிட்டும் நகர வேண்டும், மூடிக்குள் அது நகராது. எனக்கும் அது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. அங்கே நீயும் உன் நண்பர்களும் ஓட்டுவது கால்சட்டையோடு, என் மகன் சைக்கிளைப் பற்றி எல்லாம் யோசித்தான், அம்மா கட்டியிருப்பது சேலை என்பதை மட்டும் யோசிக்கவில்லை, இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நானே யோசிக்கவில்லையே.

ஜூலைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை முந்திரித் தோப்பு திரும்பியதும் காற்று இடப்பக்கத்திலிருந்து வாரி அடித்தது. கொசுவம் வலப்பக்கம் போய்ச் செயினில் சிக்கியது, பெடலை நிறுத்துமுன் இரண்டு சுற்று சுற்றிவிட்டது. விழுந்தேன். முழங்காலும் முழங்கையும் சிராய்ந்தன, எலும்புக்கு ஒன்றும் இல்லை, இப்போது தழும்புகூட மங்கிவிட்டது, ஆகையால் கவலைப்படாதே. காத்தாயியும் இன்னொரு பெண்ணும் ஓடிவந்து என்னைச் சுற்றி மறைத்துக்கொண்டு நின்றார்கள், நான் சேலையைச் செயினிலிருந்து கிழித்து எடுத்தேன். இந்தத் தடவை காத்தாயி கேலி பேசவில்லை. மையும் மண்ணுமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜெபம் முடிந்து வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன, எட்டாம் வகுப்புப் பெண்கள் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவர்களில் இரண்டு பேருடைய தகப்பன்மார் கேட்டிலேயே நின்றார்கள். பெரியண்ணன் என் கிழிந்த சேலையைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டுதான் பேசினார். “ஒங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க. பொம்பளப் புள்ளைகளக் கொண்டாந்து வெளிய நிக்க வச்சா நாலு பேரு என்னையத்தான் கேக்குறாங்க. இன்னொரு நா இப்படின்னா கறம்பக்குடியிலேருந்து ஒரு வாத்தியாரக் கொண்டாந்து ஊருக்குள்ளயே தங்க வச்சிருவேன்” என்றார். ஆண் வாத்தியார் வந்தால் அந்தப் பதினோரு பெண்களும் மறுநாளே நின்றுவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி, இன்னொரு நாள் இப்படி ஆகாது என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். எப்படி ஆகாமல் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் உன் அப்பா காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே, “என் கால்சட்டை ரெண்டு பெட்டியில சும்மாதான் கெடக்கு, போட்டுக்கிட்டுப் போயேன்” என்றார். வேடிக்கைக்குச் சொன்னார். அதுதான் அன்று நான் கேட்டதில் அறிவுக்குப் பொருத்தமான யோசனை, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு போனால் ஆண் வாத்தியார் தேவையில்லாமலே பெண்கள் நின்றுவிடுவார்கள். குழந்தைசாமி, கணுக்காலில் சேலையை ஒரு கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள் என்றார், கியரைக் கழற்ற அவருக்கு மனமே இல்லை, அதைப் பார்க்கக் கடைக்குக் கூட்டம் வருகிறதாம். அன்று இரவு உட்கார்ந்து ஒன்றை மட்டும் யோசித்தேன். இந்தக் கியரில் நாலு பல்சக்கரம் இருக்கின்றன, அவற்றில் நான் எதை உபயோகித்தேன்? காலையில் பெரியதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. மாலையில் காற்றே பின்னாலிருந்து தள்ளுகிறது, எதில் இருந்தாலும் ஒன்றுதான். அப்படியானால் எனக்கு வேண்டியது நாலு அல்ல, ஒன்று. அந்த ஒன்றுக்குச் செயின் நகர வேண்டியதில்லை, நகராவிட்டால் மூடியைக் கழற்ற வேண்டியதில்லை.

மறுநாள் விடியுமுன், அப்பாவின் ஊசி நேரத்துக்கு முன்பே, கடையைத் திறக்கச் சொல்லிப் போய் நின்றேன். கியரைக் கழற்றி, முன்பு இருந்ததைவிட நாலு பல் கூடுதலான சாதாரண ஒற்றைப் பல்சக்கர ஃப்ரீவீல் ஒன்றைப் பின்னால் போட்டு, செயின் மூடியைப் பழையபடி மாட்டித் தரச் சொன்னேன். அப்படிப் போட்டால் சைக்கிள் ஆமை மாதிரிதான் போகும், சீமைச் சாமானைக் கழற்றிவிட்டு மூட்டை ஏற்றுகிறவன் போடுகிற ஃப்ரீவீலைப் போடுவதா என்று குழந்தைசாமி வாதாடினார். மூட்டை ஏற்றுகிறவனுக்கும் எனக்கும் ஒரே கஷ்டம்தான், அவனுக்கு மூட்டை, எனக்குக் காற்று என்றேன். முனகிக்கொண்டே போட்டுக் கொடுத்தார். காற்றில்லாத இடத்தில் அது மெதுவாகத்தான் போகிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆடியில் காற்றில்லாத இடம் எங்கே இருக்கிறது. அன்றிலிருந்து ஒரு நாளும் மணி எனக்கு முன்னால் அடிக்கவில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை காற்று என்றால் அப்படி ஒரு காற்று, தென்னை மட்டைகள் ரோட்டில் விழுந்து கிடந்தன, இரண்டு இடத்தில் இறங்கித் தூக்கிப் போட்டுவிட்டுப் போனேன். விலக்கு ரோட்டில் எனக்கு முன்னால் போன ஆண்பிள்ளைகள் சிலர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள், நான் மெதுவாக அவர்களைத் தாண்டிப் போனேன், மெதுவாகத்தான். பள்ளி கேட்டில் பெரியண்ணன் இல்லை. தினமும் நிற்கிறவர் இல்லையே, கறம்பக்குடிக்குத்தான் போய்விட்டாரோ என்று நினைத்தேன். மணி அடித்தது, வகுப்புக்குள் போனேன். கடைசிப் பெஞ்சில், தலையை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, முத்தாள் உட்கார்ந்திருந்தாள். வருகைப் பதிவில் பன்னிரண்டாவதாக அவள் பெயரை எழுதிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கினேன். ஆடி முடியும்வரை பெரியண்ணன் காத்திருக்கவில்லை.

நேற்றுப் பள்ளியில் சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பெரியண்ணன் என் சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தார், குனிந்து செயின் மூடியைத் தட்டிப் பார்த்தார். “எட்டு முடிச்சா ஆலங்குடி ஐஸ்கூலுக்குத்தான டீச்சரம்மா போவணும்? இந்த மாதிரி மூடியோட புதுச் சைக்கிளு எங்க கெடைக்கும்?” என்று மட்டும் கேட்டார். முத்தாளுக்குக் காலையில் காற்று பின்னால், மாலையில் வீட்டுக்கு வரும்போதுதான் எதிரே. ஆனாலும் எனக்குப் போட்டதையே போடச் சொல்லிக் குழந்தைசாமியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

நீ உன் சைக்கிளுக்கும் ரிம் மாற்றலாமா, கியர் மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். உன் கிளப்பில் கேட்காதே, எங்கே போகிறாய், எதற்குள் போய்ச் சேர வேண்டும், இப்போது எது உன்னைத் தடுக்கிறது, இதை முதலில் பார், தடுப்பதை மட்டும் மாற்று. மழையில் பிரேக் பிடிக்கவில்லை என்று நீயே இரண்டு கடிதத்தில் எழுதிவிட்டாய், ஆனால் வாங்க நினைப்பதோ ரிம், வேகம் கூடுவதற்குமுன் நிற்கத் தெரிய வேண்டாமா. கியரையும் ஹேண்டில் பாரையும் எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன், உனக்கு உதவும். நீ இத்தனை தூரத்திலிருந்து என் காலை நினைத்து அனுப்பினாயே, அதற்கு நன்றி, அதை அனுப்பியிராவிட்டால் எனக்கு எந்தப் பல்சக்கரம் வேண்டும் என்று தெரிந்திருக்காது.

ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, பனிக்காலம் வருமுன் விளக்கைச் சரிசெய்து கொள், இரவில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. அக்காவுக்கு ஒரு வரி எழுது, கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன் கையும் காலும் உன் வேலையும் பத்திரமாக இருக்க ஆண்டவர் காக்கட்டும், பெரியநாயகி மாதா உன்னோடு வழித்துணையாக இருக்கட்டும், அப்பாவும் தலையில் கைவைத்து ஆசி சொல்லச் சொன்னார். இனி எதையும் அனுப்புவதாக இருந்தால் என்னைக் கேட்டுவிட்டு அனுப்பு. வேலையை விடச் சொல்லி மட்டும் எழுதாதே, நாளைக்குப் பன்னிரண்டு பேருக்குப் பின்னக் கணக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா,
ச. அடைக்கலமேரி