துரைக்கு விரித்த சட்டை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் இருவரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்பாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் வெயில் ஏறுவதற்குள் துரையை நடக்கக் கூட்டிப் போய்விடுகிறார், இவர் எங்கே நடக்கிறார், அவன்தான் இழுத்துக்கொண்டு போகிறான். ஹஸ்கி ஜாதி நாய்க்கு ஓட்டம் இல்லையென்றால் கிறுக்குப் பிடித்துவிடும் என்று நீ சொன்னது சரிதான், மழையென்று ஒரு நாள் விட்டதற்கு சோபாப் பஞ்சையெல்லாம் பிடுங்கிக் கூடம் முழுக்க இறைத்துவிட்டான். இப்போது முடி கொட்டும் காலம் வேறு, தினமும் சீவிவிட்டும் என் தையல் மிஷின் முழுக்க அவன் முடிதான். கறுப்புப் பேன்ட் தைக்கக் கொடுத்த டீச்சரம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நான் துணிதானே குடுத்தேன், கம்பளியா திருப்பித் தர்றீங்க என்று கேட்டாள். மதியமானால் குளியலறைத் தரை அவனுடையது, நாங்கள் குளிக்க அவனிடம் உத்தரவு வாங்க வேண்டும். காவலுக்கு ஆச்சு என்று விட்டுப்போனாயே, தபால்காரர் வந்தால் தோளில் காலைப் போட்டு வரவேற்கிறான். திருடன் வந்தா இவனே டார்ச் அடிச்சு வழி காட்டுவான்க்கா என்று எதிர்வீட்டு டிரைவர் சிரிக்கிறார்.

இத்தனைக்கும் ஒரு நாள்கூட அவனை நான் கொஞ்சியதில்லை, தெரியுமா. அடுத்த லீவுக்கு வந்து கூட்டிட்டுப் போறேம்மா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்வாயே, அதை நம்பித்தான். எங்களோடு ஒட்டிக்கொண்டால் உன்னோடு கிளம்பும்போது ஏங்கிப் போவான், உன்னையும் மறந்துவிடுவான் என்று பயந்து, மடியில் தலை வைக்க வந்தால் விரட்டினேன். நீ கழற்றிப் போட்டுவிட்டுப் போன நீலச் சட்டையைத் துவைக்காமல் அவன் படுக்கையில் விரித்தேன், உன் வாசனை அவனுக்குப் போய்விடக் கூடாதென்று. அப்பா பிஸ்கட் போடும்போதுகூட, அண்ணன் குடுத்துவிட்டான்டா என்று சொல்லித்தான் போடுவார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாயைக் கூட்டிப்போகும் சாக்கிலாவது நீ வருவாய் என்றுதான் இருந்தோம்.

செவ்வாய்க்கிழமை துரைக்கு ஊசி போட நாய் டாக்டரிடம் போயிருந்தோம். விமானத்தில் போவதற்கு இவனுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். டாக்டர் முழித்தார். கெளம்புறதுக்கு முன்னாடியே உங்க பையன் எங்கிட்ட சொல்லிட்டாரேம்மா, அங்க கூட்டிட்டுப் போகல, அவங்களுக்குத் துணையா இருக்கட்டும்னு, உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன் என்றார். அப்பா ஊசிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வரும் வழியெல்லாம் துரைதான் ஊளையிட்டுக்கொண்டு வந்தான்.

ஏன்டா, டாக்டரிடம் சொல்ல வந்த வாய் பெற்றவளிடம் சொல்ல வரவில்லையா? அவனைக் கூட்டிப்போக வரமாட்டேன் என்றால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி என் கழுத்தை அறுத்துவிட்டாய். அந்த வாயில்லா ஜீவனுக்குக் கிடைக்க வேண்டிய பாசத்தையும் உன் பொய்யை நம்பி நான் பிடித்து வைத்தேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று காலையில் அந்தச் சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டேன். கொடியில் தொங்கியதை முகர்ந்து பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். நான் விரட்டவில்லை. எழுதும்போது அவன் தலை என் மடியில்தான் கனக்கிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

கோபம் இருந்தாலும் சாபம் கொடுக்க எனக்குத் தெரியாது. நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் எங்களோடு மட்டும் பேசு, ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவனைக் கூப்பிடாதே. உன் குரல் கேட்டால் இன்னமும் வாசல் கேட் பக்கம் ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறான்.

இப்படிக்கு,
உனக்கும் துரைக்கும் அம்மா