காப்புக் கட்டியவன் பாலம் தாண்டக் கூடாது

ஆரணி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பவித்ராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பில் குறையொன்றும் இல்லை, அவளுக்கு முழங்கால் வலி மட்டும் எப்போதும்போல. நீ எப்படி இருக்கிறாய் என்பதை மூன்று வருஷமாக அவள் போனில் பேசும்போது பக்கத்து அறையிலிருந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். நாளைக் காலை உன்னைப் பார்க்க அம்மா சென்னைக்கு வருகிறாள் அல்லவா, இதை அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால்தான் என்ன என்று கேட்டாள். பேசினால் பாதியில் நான் கத்துவேன், நீ போனை வைத்துவிடுவாய், அது நமக்குத் தெரிந்த கதை. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார், அதுதான் வசதி.

உன்னுடைய மதப் படிப்புக்காகச் சென்னையில் ஏதோ கருத்தரங்கம், திங்கள் செவ்வாய் இரண்டு நாள் கூட்டம், வியாழக்கிழமை விடியற்காலை திரும்பவும் ஸ்காட்லாந்துக்கு விமானம் என்று அம்மா போன வாரம் சொன்னபோது நான் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டேன். கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கோபமில்லை பாப்பா. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நான் திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டேன். வருகிற ஞாயிறு தீமிதி. மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் தீ மிதித்து அதை அவிழ்க்கிறவரை எல்லை தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் ஆற்றுப் பாலம், இந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு, இதற்குள்ளேயே பத்து நாளாக மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். நான் மெக்கானிக்காக இருக்கிற மில்லோ பாலத்துக்கு அந்தண்டை. காப்புக் கட்டின மறுநாளே அங்கே ஒரு மோட்டார் நின்றுவிட்டது, என்னை விட்டால் அதைத் தொட ஆளில்லை. ஓனர் அதைக் கழற்றி வண்டியில் போட்டுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து இறக்கினார். டீக்கடை பெஞ்சில் வைத்துப் பிரித்து, சரிபண்ணி, திரும்பப் பூட்டிக் கொடுத்தனுப்பினேன். பேஜாரா கீது லோகநாதா, உங்க அம்மனுக்கு என் மில்லு மேல இன்னா கோவம் என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்தேன். நீ வருகிற செய்தி கேட்ட பிறகு சிரிப்பு வரவில்லை.

இந்த ஆள் எங்கே காப்பெல்லாம் கட்டினான் என்று நீ நினைப்பாய். நியாயம்தான். திருவிழா என்றால் கூத்துப் பார்ப்பேன், வேர்க்கடலை தின்பேன், வீட்டுக்கு வந்துவிடுவேன், அவ்வளவுதான் என் பக்தி. செய்யாறு சிப்காட்டில் நல்ல வேலை, கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும், அதை விட்டுவிட்டு உலகத்து மதங்களைப் படிக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நம்ம சாமியக் கும்பிடவே எனக்கு நேரமில்ல, ஊர் ஒலகத்து சாமியெல்லாம் படிச்சி நீ இன்னா பண்ணப் போற, போனா திரும்ப இந்த வாசப்படி மிதிக்காதே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீயும் என் பெண்தானே, மிதிக்கவே இல்லை. இப்போது ஆரணிக்கு மூன்று நாலு மணி நேரத் தூரத்தில் வந்து இறங்கியும் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாய். போன ஜனவரியில் உனக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அதை அம்மா என்னிடம் சொல்லவில்லை, சமையலறையில் போனை வைத்துக்கொண்டு அவள் அழுததைப் பார்த்துத்தான் தெரிந்தது. கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட உனக்கு அங்கே ஆளில்லை. கிளம்பி வரலாம் என்றால் எனக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. எந்த மெஷின் நின்றாலும் கையை விட்டுப் பார்த்துவிடுகிற ஆளுக்கு அன்றைக்குச் செய்ய ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. நேரே கோயிலுக்கு நடந்தேன். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, என் பொண்ணு எழுந்து நடந்தா நான் உனக்குத் தீ மிதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ எழுந்து நடந்தாய். இது உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது, மில்லில் விபத்து வராமல் இருக்கக் கட்டினேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் உளறிவிடாதே.

நேற்று நீ சென்னையில் இறங்கிவிட்டாய் என்று தெரிந்ததும் என்னால் இருக்க முடியவில்லை. முழுக்கைச் சட்டையைப் போட்டுக் கயிற்றை மறைத்துக்கொண்டு போய்ச் சென்னை பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். தூரத்தில் நின்று உன்னைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான். பார்த்தால் கண்டக்டர் உன்னோடு பத்தாவது படித்த ரஞ்சித்குமார். டிக்கெட்டுக்குக் கை நீட்டியதும் சட்டை மேலே ஏறிவிட்டது. அப்பா, காப்பு கட்டிகினு எங்கப்பா போறீங்க, ஜல்தியா எறங்குங்க, காப்போட எல்ல தாண்டுனா வண்டிக்கே ஆவாது, வண்டியில பொம்பள புள்ளைங்கள்லாம் கீறாங்க என்றான். பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஐம்பத்தெட்டு வயசில் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவனைப்போல் இறங்கினேன். அங்கிருந்து நேரே பூசாரி தங்கவேலுவிடம் போய் இதை இப்பவே அவுத்து விடுய்யா என்று சண்டை போட்டேன். அந்த ஆள் பதறவே இல்லை. அவுக்கிறது ஒரு நிமிஷ வேலை, ஆனா யாருக்காக வேண்டிகினு கட்டின, அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது என்றார். நீட்டின கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மன் அப்படியெல்லாம் செய்வாளா என்றால் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நம்புகிறேனா என்றால் அதுவும் தெரியாது. ஆனால் உன் பெயரை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

நீ அங்கே பேசப் போவதே வேண்டுதலைப் பற்றித்தானாமே, அம்மா சொன்னாள். எல்லா மதத்திலும் ஜனங்கள் சாமியிடம் எதையாவது சொல்லிவிட்டு அதை எப்படி நிறைவேற்றுகிறார்கள் என்று புத்தகம் புத்தகமாகப் படித்திருக்கிறாயாம். அப்படியானால் ஒன்று கேட்கிறேன், அத்தனை சாமியில் எந்தச் சாமியாவது வேண்டிக்கொண்டவனுக்கு அரை நாள் லீவு கொடுத்திருக்கிறதா? கேலிக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று குதித்தேன், இன்றைக்கு எனக்கு வேண்டிய பதில் அந்தப் படிப்பில்தான் இருக்குமோ என்று தோன்றுகிறது. நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

சுற்றிச் சுற்றி எழுதுகிறேனே தவிர சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. வாசப்படி மிதிக்காதே என்று நான் சொன்னது தப்பு. சொன்ன அன்றைக்கே தெரியும். யாராவது நடுவில் வந்து பேசி முடித்துவைப்பார்கள் என்று மூன்று வருஷம் வீறாப்பாக உட்கார்ந்திருந்தேன், ஒருத்தரும் வரவில்லை. புதன்கிழமை உனக்குக் கூட்டம் இல்லை என்று அம்மா சொன்னாள். அன்று காலை அவளோடு வீட்டுக்கு வா பாப்பா. வெளியூரிலிருந்து வந்து காப்புக் கட்டிய வீட்டில் ராத்திரி தங்கினவர்கள் தீமிதி முடிகிறவரை கிளம்பக் கூடாது என்பார்கள், அம்மாவைப்போல வீட்டு ஆட்களுக்கு அது கிடையாது, நீ அதற்குப் பயப்படாதே, விளக்கு வைப்பதற்கு முன்பே உன்னை பஸ் ஏற்றிவிடுகிறேன். என்னைப்போல நீயும் இங்கே மாட்டிக்கொள்ள விடமாட்டேன்.

அம்மாவிடம் ஒரு சேலை கொடுத்திருக்கிறேன், மயில் கழுத்து நிறம், கனமில்லாத பட்டு, கூட்டத்தில் பேசும்போது கட்டிக்கொள். ஏசி ஹாலில் ஸ்வெட்டர் போடாமல் உட்காராதே, உன் நெஞ்சு ஏற்கெனவே பட்டது போதும். அம்மா தண்ணீரே குடிக்க மாட்டாள், வழியில் வாங்கிக் கொடு. எந்தச் சாமியைப் படித்தாலும் எல்லாச் சாமியும் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும்.

புதன்கிழமை காலை பத்து மணியிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அதற்கு மேலே என்னால் வர முடியாதம்மா.

உன் அப்பா
கா. லோகநாதன்