பார்க்காத தொட்டி

இன்று வெள்ளையடிக்க வந்தவர், வாசல் சுவரில் நீ எழுதிய தேதியையும் கையெழுத்தையும் காட்டி, "இந்தக் கிறுக்கல அழிச்சிரவா டீச்சர்?" என்று கேட்டார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

நீ கொசு ஒழிப்பு வேலைக்குச் சேர்ந்தபோது விஸ்வநத்தத்தில் நம் தெருவே சிரித்தது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகாமல் இவள் ஏன் தொட்டி தொட்டியாக எட்டிப் பார்க்கிறாள் என்றார்கள். நீ டார்ச் லைட்டும் மருந்து பாட்டிலுமாக வீடு வீடாக ஏறி இறங்கினாய். "இது சாக்கடைக் கொசு இல்ல. நல்ல தண்ணிலதான் முட்ட போடும், பகல்லதான் கடிக்கும், பொறந்த எடத்த விட்டு ரொம்பத் தூரம் போகாது" என்பாய். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த தண்ணீரில் பொரிந்துவிடும், தேய்த்துக் கழுவ வேண்டும் என்பாய். அறிவியல் பாடம் நடத்துகிற எனக்கு அதெல்லாம் தெரியும். நீ வந்து சொல்வதுதான் எரிச்சலாக இருந்தது.

அந்த ஐப்பசியில், பல நாள் கழித்துக் குழாயில் வந்த தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைத்திருந்தேன். ஒருநாள் மூடியைத் தூக்கினால் கொசுப் புழுக்கள் நெளிந்தன. அடுத்த தண்ணீர் எப்போது வருமோ என்று, கொட்ட மனமில்லாமல் மூடிவிட்டேன். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது நீ வந்து நின்றாய்.

"தொட்டியப் பாத்துட்டுப் போயிரட்டுமா டீச்சர்?"

"நேத்துதான் தேய்ச்சுக் கழுவினேன். எனக்குத் தெரியாதா?"

"அது சரி, டீச்சர் வீட்ல போயி நான் பாக்கணுமாக்கும்!" என்று சிரித்து, தொட்டியைப் பார்த்துவிட்டதாகச் சுவரில் தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனாய்.

அந்த மாதக் கடைசியில் உனக்குக் காய்ச்சல். நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும், சரியாகிவிட்டது என்று வேலைக்கு வந்தாய். அதற்குப் பிறகுதான் டெங்கு முற்றியது. மதுரைக்குக் கொண்டுபோன உன்னை உயிரோடு திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. உன்னைக் கடித்த கொசு எந்தத் தொட்டியில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உன் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஆனாலும் 'யாராலும் சொல்ல முடியாது' என்பதையே பிடித்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினேன்.

உன் மகள் இப்போது என் வகுப்பில் படிக்கிறாள். போன வாரம் கொசுவைப் பற்றிப் பாடம் நடத்தியபோது எழுந்து நின்றாள். "எங்கம்மா பாக்காத தொட்டி நம்ம தெருவுல ஒண்ணுகூட கெடையாது, இல்லையா டீச்சர்?"

வகுப்பே என்னைப் பார்த்தது.

"ஆமா" என்றேன்.

பெருமையோடு உட்கார்ந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன், உன்னால் திருப்பிக் கேட்க முடியாது என்பதால். அந்தக் கோழைத்தனத்தையும் சேர்த்தே சுமந்துகொண்டிருக்கிறேன்.