யூனிஃபார்ம் புடவையைக் கேட்டு வந்த போன்

அரக்கு நிறம், மஞ்சள் கரை. நம் ஜவுளிக்கடையில் உனக்குக் கொடுத்த யூனிஃபார்ம் புடவை. போன செவ்வாய்க்கிழமை வார லீவில் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ முறை துவைத்தும் அதில் கடை வாசனை போகவில்லை. புதுத்துணிக் கஞ்சியும் சாம்பிராணியும் கலந்து வரும் அந்த வாசனை உனக்குத் தெரியாததா? அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்தார்.

நீ போன பிறகு உன் வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் யூனிஃபார்ம் புடவைகள் திரும்பி வரவில்லையாம். உன் வீட்டுக்காரரிடம் கேட்டதில், துணியெல்லாம் என்னிடம் இருப்பதாகச் சொன்னாராம். நாளைக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றார்.

"அவங்க செத்துட்டாங்க சார்" என்றேன், தெரியாதவருக்குச் சொல்வதுபோல.

"தெரியும்மா, அதனாலதான் கேக்கறேன். யூனிஃபார்ம் கடைப் பொருள். வெளியில இருக்கக் கூடாது."

போனைக் கட்டிலில் வீசினேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அது துக்கமில்லை, கோபம் என்று கண்டுபிடித்திருப்பாய். உன் உயிர் வெளியே போனது அவர்களுக்குப் பரவாயில்லை. புடவை போகக் கூடாது.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் அடி அண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் வருவேன், நீ செங்கம் ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாய். காலையில் ஷட்டர் தூக்கும்போது நிற்க ஆரம்பித்தால் ராத்திரி இறக்கும்வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு மெத்தை போட்ட பெஞ்ச், குளிர்ந்த தண்ணீர், குழந்தைக்கு பலூன். அவர்கள் முன்னால் புடவையைப் பிரித்துப் போட்டு, மடித்து, மறுபடி பிரிக்கிற நமக்கு ஒரு ஸ்டூல் கிடையாது. பௌர்ணமி வந்தால் மலை சுற்ற வருகிற ஜனங்கள் அப்படியே கடைக்குள்ளும் நுழைவார்கள். அன்றைக்கெல்லாம் பாத்ரூம் போவதற்குக்கூட சூப்பர்வைசரிடம் கண்ணைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு கார்த்திகை சீசனில் நீ வேட்டிக்கட்டுகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாய். கால் வீங்கி, கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது. கேமராவில் பார்த்த மேனேஜர் கடை முழுக்கக் கேட்கும்படி மைக்கில் உன் பேரைச் சொல்லி எழுந்திருக்கச் சொன்னார். வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ எழுந்தாய். நேராக அவர் மேஜைக்குப் போய், சத்தம் போடாமல் கேட்டாய்.

"மத்தியானத்துல அண்ணாமலையாருக்கே நடை சாத்துறாங்க சார். எங்களுக்கு எப்ப சாத்துவீங்க?"

பில் போடும் இடத்தில் நின்ற ஒரு பெரியவர் மட்டும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கான கோபமும் சேர்ந்து உன் மேல்தான் விழுந்தது.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது நீ பேப்பரை எடுத்துவந்து சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாய். ஸ்டூல்களும் வந்தன. அதிகாரிகள் பார்க்க வருகிற அன்றைக்கு வரிசையாக வெளியே இருக்கும். அவர்கள் போனதும் அதன் மேல் அட்டைப்பெட்டிகள் ஏறிவிடும். நீ ஒரு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாய். உன்னைப் பார்த்து நானும் உட்கார்ந்தேன். மறுநாளே உன்னை மூணாவது மாடிக்கு மாற்றினார்கள். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும் என்றார்கள். வீங்கின காலோடு அந்தப் படிகளை நீ ஏறி இறங்கியதை நான் கீழேயிருந்து பார்த்தேன். வேலையை விட்டுவிடேன் என்று சொன்னதற்கு, "நான் வுட்டா அந்தாளு நல்லா தூங்குவான்டி" என்றாய்.

காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். நின்று நின்றே வந்ததா என்று கேட்டேன். அப்படி ஒரே காரணமாகச் சொல்லிவிட முடியாது என்றார். அவர் படித்தவர், பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நான் அந்தக் காலைப் பல வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள். எனக்கு ஒரே காரணம்தான் தெரிகிறது.

சாவுக்கு மேனேஜர் மாலையோடு வந்தார். அதுகூடப் பரவாயில்லை. உன் தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் கடைப் பேர் உன் பேரைவிடப் பெரிசு. எங்கள் குடும்பத்தில் ஒருத்தரை இழந்துவிட்டோம் என்று எழுதியிருந்தது. எந்தக் குடும்பத்தில் ஒருத்தியை மட்டும் நிற்க வைத்துவிட்டு மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்?

காரியம் முடிந்ததும் உன் நாத்தனார் உன் துணிகளையெல்லாம் மூட்டை கட்டினாள். செத்தவங்க துணி வீட்டில் இருக்கக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிடலாம், இல்லையென்றால் கொளுத்திவிடலாம் என்றாள். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உன் பெண் தேன்மொழிதான் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். எனக்குத் தையல் தெரியும் என்று நீ சொல்லியிருந்தாயாம்.

"துண்டு துண்டா வெட்டி ஒரு போர்வையா தெச்சுக் குடுங்க சித்தி. காலேஜ் ஹாஸ்டலுக்கு எடுத்துனு போறேன். அங்க யாரும் தீட்டுனு சொல்ல மாட்டாங்க."

மூட்டையை அவளோடு சேர்ந்து பிரித்தேன். மஞ்சள் கறை படிந்த நீல நைட்டி. கல்யாணப் புடவை, ஜரிகை கறுத்து. ஒரே ஒரு தடவை, மகாபலிபுரம் போனபோது போட்டு, நாத்தனார் சிரித்தாள் என்று மடித்து வைத்துவிட்ட பச்சை சுடிதார். தேன்மொழி அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அரக்குப் புடவைகள் வந்ததும் தள்ளி வைத்தாள். "இது மட்டும் வேணாம் சித்தி. இதப் பாத்தா அம்மா கால்தான் ஞாபகம் வருது" என்றாள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. தனியாக எடுத்து வைத்திருந்தேன். மேனேஜர் போன் வந்த அன்றைக்கு அதை என்ன செய்வது என்று தெரியாமல்தான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் கேட்டதை தேன்மொழிக்குப் போன் செய்து சொன்னேன்.

"குடுக்காதீங்க. அடிப்பக்கம் முழுக்க அதையே வெச்சுத் தெச்சுடுங்க. நான் அது மேல படுத்துப்பேன், உக்காருவேன், என்னா வேணா செய்வேன்."

உன் குரல் அப்படியே அவளிடம் இருக்கிறது. எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் அழுகை வந்தது.

மறுநாள் வேலைக்குப் போனேன். எல்லாரும் இருக்கும்போதே மேனேஜர் கையை நீட்டாத குறையாகக் கேட்டார். வெட்டிவிட்டேன் என்றேன். எதை வெட்டினாய் என்றார். கடைப் பொருளை வெட்டிவிட்டேன் சார், தைத்துக்கொண்டும் இருக்கிறேன் என்றேன். விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி மிரட்டினார். நான் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன்.

"எழுதித் தரேன் சார். அவங்களை எதுக்கு மூணாவது மாடிக்கு மாத்தினீங்கனு நீங்களும் எழுதிக் குடுங்க. ரெண்டையும் ஒண்ணா லேபர் ஆபீஸருக்கு அனுப்பிடலாம்."

சுற்றி நின்ற பெண்கள் யாரும் நகரவில்லை. அவர்தான் முதலில் நகர்ந்து போனார். இதுவரை அந்த விளக்கத்தை மறுபடி கேட்கவில்லை. கேட்டாலும் கேட்பார்.

போர்வை முடிந்து, நேற்று பஸ் ஸ்டாண்டில் தேன்மொழியிடம் கொடுத்தேன். சில மூலைகள் கோணல். நைலக்ஸும் பருத்தியும் ஒன்றோடொன்று ஒத்துவராமல் அங்கங்கே சுருங்கியிருக்கிறது. நீ பார்த்தால் கிண்டல் செய்வாய். அவள் பையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

போனவள் போய்விட்டாள், மனசைத் தேற்றிக்கொள், கோபத்தை விட்டுவிடு, மலையைச் சுற்றிவிட்டு வா, எல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள் என் வீட்டில். சுற்றிவிட்டுத்தான் வந்தேன். ஆறவில்லை. உன் துணியெல்லாம் உன் பெண்ணோடு போய்விட்டது, அது அவளுக்கு உரியது. என் பங்குக்கு வந்தது இந்தக் கோபம். இதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

நாளைக்கு பௌர்ணமி. கடையில் ஜாஸ்தி கூட்டம் இருக்கும். கால் வலித்தால் உட்காருவேன். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கும் வாய் இருக்கிறது.