நன்மை வாங்காத ஞாயிறுகள்

அம்மா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பல் முளைக்கிற அவஸ்தை. சாயங்காலத்திலிருந்து தோளை விட்டு இறங்கவில்லை. தூங்கிய பிறகும் மூச்சு சீராக வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ இருந்திருந்தால், "இன்னாடி, தூங்கற கொளந்தைய நோண்டிக்கினு, வுடு" என்று விரட்டியிருப்பாய்.

எனக்குத் தூக்கம் வராது என்று தெரிந்துவிட்டது. சரி என்று கொஞ்சம் டிகாஷன் போட்டேன். பில்டரில் வெந்நீர் ஊற்றியதும் எழுந்த மணத்தில், நம் மயிலாப்பூர் வீட்டின் ஞாயிற்றுக்கிழமைக் காலை அப்படியே வந்து நின்றது. விடியற்காலையில் உன் கோயிலில் பூசை. வீட்டுக்கு வந்து அப்பாவுக்குக் காபி, எனக்குப் பாலில் இரண்டு சொட்டு டிகாஷன். அப்புறம் மூன்று பேருமாகத் தி.நகரில் அப்பாவின் சபைக்கு. உனக்கு மட்டும் காபி கிடையாது. "எனக்கு அப்பறம்" என்பாய். அந்த அப்புறம், இரண்டும் முடிந்து வீடு திரும்பி அடுப்பில் உலை வைத்த பிறகுதான் வரும்.

நற்கருணையை நீ நன்மை என்றுதான் சொல்வாய். நன்மை வாங்கப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்பது உன் சின்ன வயதில் படிந்த பழக்கம். ஆனால் நீ நன்மை வாங்குவதே இல்லை. உன் கோயிலிலும் இல்லை, அப்பாவின் சபையிலும் இல்லை. வாங்காத ஒன்றுக்காக வாரம் தவறாமல் பட்டினி இருந்தாய் என்பது எனக்கு உறைக்கவே நான் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது.

சாந்தோமில் பிறந்த கத்தோலிக்கப் பெண் நீ. தி.நகர் புராட்டஸ்டண்ட் சபையில் கமிட்டி உறுப்பினர் அப்பா. யாருடைய அனுமதியும் கேட்காமல் அப்பாவின் சபையில் கல்யாணம் செய்துகொண்டீர்கள். உன் கோயிலின் சட்டப்படி அது கல்யாணமே ஆகாது, ஆகவே நன்மை கிடையாது. அப்பாவின் சபையில் பாஸ்டரே வீட்டுக்கு வந்து, "தாராளமா திருவிருந்துக்கு வாங்கம்மா" என்று கூப்பிட்டார். நன்மைக்கு அங்கே அதுதான் பேர். நீ தலையை ஆட்டினாய், போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்டபோது, காய் நறுக்கிக்கொண்டே சொன்னாய்: "நல்ல மனுசன்தான். ஆனா அவரு கைக்கு அந்த அதிகாரம் எங்கேந்து வந்துச்சுன்னு எனக்குத் தெர்ல. தெரியாம நீட்டி வாங்கக் கூடாது."

இரண்டு இடத்திலும் எல்லோரும் எழுந்து போகும்போது நீ மட்டும் பெஞ்சில் இருப்பாய். முதலில் பக்கத்தில் இருப்பவள் தன் கைப்பையை உன்னிடம் கொடுத்தாள். பிறகு ஒருத்தி குழந்தையைக் கொடுத்தாள். கொஞ்ச காலத்தில் அது வழக்கமே ஆகிவிட்டது. கைப்பிள்ளைக்காரிகள் உன் வரிசையைத் தேடி வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் நன்மை வாங்கித் திரும்பும்வரை மடியில் இரண்டு பிள்ளைகளோடு, கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஊரார் பிள்ளைகளை இத்தனை சுமந்தவள், என் பிள்ளையை ஒரு தடவை தூக்க இருந்திருக்கலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. களைப்பில் வந்துவிட்டது.

ஞாயிறு மத்தியானம் கறிக்குழம்போடு உங்கள் சண்டை ஆரம்பிக்கும். உண்மையில் அதைச் சண்டை என்று சொல்லக் கூடாது. அப்பா நல்லியைத் தட்டில் தட்டிக்கொண்டே முதல் கல்லை எறிவார்.

"எங்க பேராயருக்கும் கை வெச்சுத்தான் அபிஷேகம் பண்ணாங்க. சும்மா அங்கிய மாட்டி வுட்டுடல."

"யாரு கை?"

"முன்னாடி இருந்த பேராயருங்க கை."

"அவங்களுக்கு?"

"இங்கிலாந்துலேந்து வந்தவங்க வெச்சது."

"அத்தச் சொல்லுங்க. பொண்டாட்டியத் தள்ளி வெக்கறதுக்கோசரம் சபையவே தனியாப் பிரிச்சானே ஒரு ராஜா, அவன் ஊட்டுக் கை. அதுவுமில்லாம, அப்போஸ்தலருங்க கைலேந்து கை மாறி வர்ற வரிசைல, எலெக்சன்ல நின்னு ஜெயிக்கிறவரு எப்படிங்க வருவாரு?"

"உங்க பாப்பரசரு மட்டும் வானத்துலேந்தா குதிச்சாரு? கதவச் சாத்திக்கினு உள்ள ஓட்டுப் போட்டுட்டுத்தான புகை வுடறாங்க?"

உனக்குச் சிரிப்பில் புரையேறும். அப்பா உன் உச்சந்தலையில் தட்டுவார். சிரிப்பு அடங்கிய பிறகுதான் நிஜமான பேச்சு வரும். அப்பா சொல்வார்: "வரிசைங்கறது கையில இல்ல. அப்போஸ்தலருங்க சொன்ன வசனத்துல இருக்குது. அத எவன் பிசகாம சொல்றானோ அவன்தான் அந்த வரிசை." நீ விடமாட்டாய்: "அந்த வசனத்துல எது சேரும் எது சேராதுன்னு உக்காந்து பிரிச்சது யாரு? எங்க ஆளுங்க. பைபிள் மட்டும் வோணும், கட்டிக் குடுத்தவன் வாணாமா?" இதற்கு அப்பா ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பதில் வைத்திருப்பார். எதிலும் உனக்குத் திருப்தி இருந்ததில்லை. நான் நடுவில் உட்கார்ந்து, உன் ராயப்பரும் அப்பாவின் பேதுருவும் ஒரே ஆள் என்று தெரியாமல், அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு சோறு தின்றேன்.

சிரிக்காத ஒரு நாளும் உண்டு. உன் கோயிலுக்குப் புதிதாக வந்த பங்குச்சாமியார், உன் வீட்டுக்காரர் ஒரு தடவை வந்து கோயிலில் நின்று கல்யாணச் சம்மதம் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார். நீ அதை அப்பாவிடம் எப்படிச் சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பாவின் குரல் மட்டும் சமையலறை தாண்டி வந்தது. "அப்போ இத்தினி வருஷம் நாம வாழ்ந்தது இன்னா? எங்க பாஸ்டர் குடுத்த ஆசீர்வாதம் செல்லாதா? நம்ம பொண்ணு இன்னா கணக்குல வருவா?" அதற்குப் பிறகு நீ அதைக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் காபி குடிக்காமல்தான் கிளம்பினாய்.

அதனால்தான் நான் அலெக்ஸைப் பற்றிச் சொன்ன அன்று, அவன் கத்தோலிக்கன் என்பதில் நீ சந்தோஷப்படக்கூட இல்லை. "கேட்டுட்டுக் கட்டு. நாங்க கேக்காம கட்டுனோம்" என்றாய். கேட்டோம். கத்தோலிக்க ஆயரின் அனுமதி வந்தது. பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுப்பேன் என்று அலெக்ஸ் வாக்குக் கொடுத்தான், எனக்கும் அது தெரியும் என்று நான் சொன்னேன். நான் மாறவில்லை, அப்பாவின் சபையிலேயே இருக்கிறேன். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனாலும் பூசையில் அலெக்ஸும் அவன் அம்மா, என் அத்தையும் எழுந்து போகும்போது நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு பாப்பாவுக்கு ஞானஸ்நானம். இன்று சாயங்காலம் அப்பா வந்திருந்தார். பாப்பாவுக்கு மலைவாழைப்பழம் வாங்கி வந்திருந்தார். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அத்தை அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "தோமையாரே வந்து கல்லறையில படுத்துக்கினு இருக்கற ஊருங்க இது, சம்பந்தி. அப்போஸ்தலர் வாசல்லயே நம்ம பாப்பாவுக்குத் தண்ணி ஊத்தப் போறாங்க. இதுக்கு மேல இன்னா வோணும்?"

"தோமா சந்தேகப்பட்டவரு சம்பந்தியம்மா. ஏசுவோட காயத்தத் தொட்டுப் பாத்துட்டுத்தான் ஒத்துக்கினாரு. அந்த வரிசையில நாந்தான் நிக்கிறேன்" என்றார் அப்பா. அலெக்ஸ் சத்தமாகச் சிரித்தான். நானும் சிரித்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

அப்பாதான் நிறுத்தவில்லை. "தண்ணி எங்க ஊத்துனாலும் ஒரு தடவதான். அதுல எனக்குச் சண்ட இல்ல. நாளைக்கு இவ மறைக்கல்விக்குப் போவா. எங்கம்மா சபையில குடுக்கறது வெறும் ரொட்டி, அங்க இருக்கறவங்களுக்கு அதிகாரம் இல்லன்னு படிச்சுக்கினு வருவா. பெத்தவள அவ எப்படிப் பாப்பா?"

"அப்படியெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க" என்றார் அத்தை.

"முப்பது வருஷம் இவங்கம்மாவ பட்டினி போட்டவங்க எதையும் செய்வாங்க."

அத்தை எழுந்து நின்றுவிட்டார். "பட்டினி போட்டது நாங்களா? நீங்க ஒரே ஒரு நாள் வந்து நின்னிருந்தா, அந்தம்மா அன்னிக்கே வாங்கியிருக்கும்."

"போதும்மா" என்று அலெக்ஸ் முனகினான். அப்பா அத்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ அடையாறு ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம். நீ எதுவும் கேட்கவில்லை. பேசவே சிரமப்பட்டாய். ஒரு மத்தியானம் அப்பாவைக் காணோம். போனையும் எடுக்கவில்லை. டாக்டர் வருகிற நேரத்தில் எங்கே போனார் என்று எனக்கு ஆத்திரம். திரும்பி வந்தபோது அவருக்குப் பின்னால் சின்ன வயது சாமியார் ஒருவர் வந்தார். அவருடைய பையை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். நீ பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்காக எங்களை வெளியே அனுப்பினார்கள். பிறகு கூப்பிட்டார்கள். உன்னால் விழுங்க முடியாது என்று அந்தச் சாமியார் நன்மையில் ஒரு துணுக்கு கிள்ளி எடுத்தார். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். நீ "ஆமென்" என்றாய். இரண்டு நாளாகத் தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கையால் காட்டிக்கொண்டிருந்தவள் நீ. பக்கத்துப் படுக்கைக்காரியின் மகள் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவு தெளிவாக வந்தது. அப்பா ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார்.

சாமியாரை லிப்ட் வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். சாகக் கிடக்கிறவர்களிடம் கோயில் கல்யாணக் கணக்குக் கேட்பதில்லை என்று சொன்னார். அப்பா என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்டேன். தன் சபையைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ அப்பா பேசவே இல்லையாம். கோயில் வாசலில் நின்றுகொண்டு, "என் மனைவிக்குப் பசிக்குது சாமி, வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். அதுவரை எந்தக் குருவையும் அப்பா சாமி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் வார்டுக்குத் திரும்பியதும் அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார்: "இத யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. சபையில நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க." சரி என்றேன். இன்று அத்தை அந்த வார்த்தையைச் சொன்னபோதும் அந்தச் சரிக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்பா தேநீரைக் குடிக்காமலே எழுந்தார். "ஞாயித்துக்கெழம எனக்கு எங்க சபையில வேல இருக்குது" என்றார். பாப்பாவின் உள்ளங்காலை ஒரு தடவை பிடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தை தன் அறைக்குள் அழுதுகொண்டிருந்தார். அவரும் கெட்டவர் இல்லை, அம்மா. உன்னைப் பற்றி அவர் சொன்னதில் பாதி நியாயம். அப்பா சொன்னதில் மீதிப் பாதி. தேதியைத் தள்ளி வைக்கட்டுமா, காலையில் கோயில் ஆபீஸில் சொல்லவேண்டும் என்று அலெக்ஸ் கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான். அவனும் களைத்துப்போயிருக்கிறான்.

நான் ஜுரத்துக்குப் பயப்படுகிறவள், தடுப்பூசிக்குப் பயப்படுகிறவள். ஞானஸ்நானத்துக்குப் பயப்படவில்லை. எனக்குப் பயம் அதற்குப் பிந்திய ஒரு நாளைப் பற்றியது. பாப்பா வெள்ளை கவுன் போட்டு முதல் நன்மை வாங்கப் போவாள். நாலடி போனதும் நான் பின்னால் வருகிறேனா என்று திரும்பிப் பார்ப்பாள். நான் உட்கார்ந்திருப்பேன். ஏன் வரவில்லை என்று கேட்பாள். உன்னிடம் நான் முழுதாகக் கேட்காமல் விட்ட கேள்வி அது. நீ அங்கே உட்கார்ந்திருந்தது நம்பிக்கையாலா, வீம்பாலா, அப்பாவைத் தனியே விட மனமில்லாமலா? உன் முகத்தைப் பார்த்து எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அமைதியாகத்தான் இருந்தாய். பசித்தவர்களும் சில சமயம் அப்படித்தான் இருப்பார்கள்.

யாருடைய கைக்கு அதிகாரம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. படித்தும் பார்த்தேன். இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், எனக்குத்தான் அலுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நீ சொன்ன அந்த "ஆமென்" மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. பூசையில் எனக்கு முன்னால் வரிசை நகரும்போது, ஒவ்வொருவரும் முணுமுணுக்கிற ஆமென்களுக்கு நடுவில் உன்னுடையதைக் கேட்கிறேன். அதைக் கேட்கிறபோது நான் யாரோடும் வாதாடுவதில்லை.

தேதி அப்படியே இருக்கட்டும் என்று காலையில் அலெக்ஸிடம் சொல்லிவிடுவேன். பிறகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போகவேண்டும். அம்மாவுக்காக ஒரு தடவை அந்தக் கோயில் வாசலுக்குப் போனீர்களே, இவளுக்காக இன்னொரு தடவை வாருங்கள் என்று கேட்க நினைக்கிறேன். அப்படிக் கேட்பது, அவர் மறைத்து வைத்திருப்பதை எடுத்து அவரையே அடிப்பதாக ஆகிவிடுமோ என்றும் இருக்கிறது. அவரிடம் எதை எப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்வார் என்று உனக்குத்தான் தெரியும். அத்தையிடம் சொல்லலாமா வேண்டாமா என்பதும் உனக்குத்தான் தெரியும்.

ஞாயிறுக்கு நாள் அதிகம் இல்லை, அம்மா. சீக்கிரம் பதில் போடு.