சாக்லெட்டில் ரத்தம் ஊறுமா?

போன புதன்கிழமை புதூர்நாட்டில் மகளிர் குழுக் கூட்டம். தலைவி தனலட்சுமி ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். வறுத்த கோகோவின் கசப்பு வாசனை, அதோடு கொஞ்சம் மலைத்தேன் வாசனை. அதை முகர்ந்ததும் உன் முகம் வந்துவிட்டது. கையில் எடுத்த உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டேன்.

சாமையைப் பொரித்து, கறுப்புச் சாக்லெட்டில் புரட்டி உருட்டியிருந்தார்கள். ருசியாகவே இருந்தது. உனக்கும் பிடித்திருக்கும். ஆனால் தனலட்சுமி என்னைக் கூப்பிட்டது ருசி பார்க்க இல்லை. அட்டைப்பெட்டிக்கு அச்சடிக்கக் கொடுக்கவேண்டிய தாளைக் காட்டினாள். "ரத்தம் ஊறும், ரத்த அழுத்தம் குறையும், இதயம் பலப்படும்" என்று எழுதி, கீழே "செவிலியர் பரிந்துரை" என்று ஒரு வரி போட்டிருந்தார்கள்.

"உங்க பேரு வேணாங்க சிஸ்டர். நர்சம்மா சொன்னாங்கன்னு இருந்தா போதும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்து பதில் சொல்கிறேன் என்றேன். யோசிக்க எதுவும் இல்லை. ஆனால் என்ன சொல்லவேண்டும் என்பதோடு எப்படிச் சொல்லவேண்டும் என்றும் பார்ப்பவள் நீ. அதற்குத்தான் இரண்டு நாள் கேட்டேன்.

நாம் ஒரே மலை ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தோம். நீ மருந்தாளுநர், நான் கிராமச் செவிலியர். முதல் இரண்டு வருஷம் "நீங்க", "வாங்க" என்றே பேசிக்கொண்டோம். வாணியம்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸும் ஜீப்பும் மாறி வருவாய். மருந்து வாங்க வரும் ஜனங்கள் உனக்கு "மாத்திரக்காரம்மா" என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் மருந்துக் கிடங்கில் நீ பையிலிருந்து ஏதோ எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்வதைப் பார்த்துவிட்டேன். தோல் வியாபாரத்துக்காக வெளிநாடு போய்வரும் உன் தம்பி வாங்கி வந்த கசப்புச் சாக்லெட். மாட்டிக்கொண்டவள் மாதிரி சிரித்துவிட்டு, பாதியை உடைத்து என்னிடம் கொடுத்தாய். எனக்கு அது வேப்பங்கொழுந்து மாதிரி இருந்தது.

"அய்யோ, இதையா கண்ணை மூடிக்கினு துண்ணே? உடம்புக்கு ஏதாவது நல்லதா இது?"

"அரே, இது மருந்து இல்ல வசந்தா. ஆசை. ஆசைக்கு எதுக்கு மருந்துச் சீட்டு?" என்றாய். அன்றைக்குத்தான் நமக்குள் "நீ" வந்தது.

அதே கசப்புச் சாக்லெட்டை வைத்து நான் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அதை இங்கே முழுசாக எழுதப் போகிறேன். பாதி சொல்லி நிறுத்தினால் உனக்குப் பிடிக்காது.

கீழேயிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்திருந்தான். சந்தை நாளில் ஜீப் நிற்கும் இடத்தில் மேஜை போட்டு, கறுப்புச் சாக்லெட் துண்டுகளை எல்லோருக்கும் ருசி பார்க்கக் கொடுத்தான். வழுவழுப்பான கலர்த் தாள் ஒன்றும் கொடுத்தான். இரும்புச்சத்து நிறைந்தது, ரத்தம் ஊறும் என்று அதில் இருந்தது. அந்தத் தாளை நான் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதே வாரம் பொன்னி வந்தாள். ஐந்தாம் மாதம். பதினொன்றாவது இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் எட்டுக்கும் கொஞ்சம் மேலேதான் இருந்தது. இரும்பு மாத்திரை போட்டால் குமட்டுகிறது, வயிறு பிசைகிறது என்று அழுதாள். அவள் புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். நான் அந்தத் தாளை எடுத்துக் காட்டினேன்.

"மாத்திர ஒத்துக்கலன்னா இதைத் துண்ணு பொன்னி. இதுலயும் இரும்பு கீது."

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பொன்னி உன் ஜன்னலுக்கு வந்து, பிரிக்காத மாத்திரை அட்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையோடு திருப்பிக் கொடுத்தாள். "இது வீணாப் போவுதுங்க, வேற யாருக்காவது குடுங்க. சாக்லெட்டே போதும்னு சிஸ்டரம்மா சொல்லிட்டாங்க," என்றாளாம். நீ அவளை நேராக ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாய். ஏழுக்கும் கீழே இறங்கியிருந்தது. பிறகு என்னைக் கிடங்குக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாய்.

"அந்தப் பொண்ணுகிட்ட இன்னா சொன்னே?"

"சத்துன்னுதானே சொன்னேன். தப்பா?"

"தப்பா ரைட்டான்னு எனக்கே முழுசாத் தெரியல. நீ எதை வச்சி சொன்னே? அதை எடு."

கலர்த் தாளை எடுத்தேன். நீ அதைப் படிக்கக்கூட இல்லை. திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்தாய். விற்கிற கம்பெனியின் விலாசம்தான். "விக்கிறவனே சாட்சி சொல்றான். நீ அதுக்கு வெள்ளைப் புடவை கட்டி விட்டுட்டே," என்றாய். என் சீருடையைத்தான் அப்படிச் சொன்னாய் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

அன்று சாயங்காலம் நான் பதிவேட்டில் "தாய் மாத்திரை உட்கொள்ள மறுத்தார்" என்று எழுதிவைத்தேன். பயம். வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி, பொன்னிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் பாதி. மறுநாள் காலையில் நீ அதைப் படித்துவிட்டுப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினாய்.

"அவ ஏன் மறுத்தா? அதையும் எழுது."

"எழுதினா என்னைக் கேப்பாங்க."

"கேக்கட்டும். நான் பக்கத்துல நிக்கறேன்."

எழுதினேன். டாக்டர் படித்துவிட்டுத் திட்டினார். சொன்னபடி நீ பக்கத்தில் நின்றாய். அன்றைக்கே இருவரும் ஜீப் ஏறி, ஜீப் நின்ற இடத்திலிருந்து புளியந்தோப்பு வழியாக இறங்கிப் பொன்னியின் ஊருக்குப் போனோம். வழியெல்லாம் நான் உன்னையே பேசச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு வந்தேன். "உன் வாயில வந்தது. நீதான் திருப்பி வாங்கணும்," என்று ஒரே பதில்தான் சொன்னாய்.

பொன்னி பலாமரத்தடியில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு வெளுத்திருந்ததை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

"பொன்னி, நான் உனக்குச் சொன்னது தப்பு. விசாரிக்காம சொல்லிட்டேன். சாக்லெட்டை நம்பி மாத்திரைய வுட்டதால உனக்கு ரத்தம் இன்னும் கம்மியாயிடுச்சி. தப்பு எம்மேலதான்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்ப அந்தக் கம்பெனிக்காரன் சொன்னது மொத்தமும் பொய்யாங்க?" என்றுதான் கேட்டாள்.

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "மொத்தமும் பொய் இல்லம்மா. அதுல இரும்பு கீறது நெசம். ஆனா அந்த இரும்பை உடம்பு சுலபமா எடுத்துக்க வுடாத பொருளும் அதுலயே கீது. பாதி நெசமா இருந்ததாலதான் நாங்களே ஏமாந்தோம்."

மாத்திரையை ராத்திரி சோற்றுக்குப் பிறகு போடு, டீயோடு போடாதே, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தாய். ஆனால் அந்த நிலைமைக்கு மாத்திரை மட்டும் போதவில்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இரும்பு மருந்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் நான் கூடப் போனேன். பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று போன் வந்தபோது நீ கிடங்கில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாய். விட்ட இடம் மறந்து முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாய்.

அந்த மாதங்களில் நீ என்ன பாடுபட்டாய் என்று எனக்குத்தான் தெரியும். தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் போனில் இணையம் கிடைக்கும். மத்தியானம் டிபன் பாக்ஸோடு அங்கே ஏறிப்போய், ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடி, புரியாத இங்கிலீஷ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பழைய மருந்துக் கோரிக்கைத் தாள்களின் பின்பக்கம் தமிழில் எழுதினாய். கோகோவில் உள்ள சில பொருட்கள் ரத்தக் குழாயைக் கொஞ்சம் தளர்த்துகின்றன. சில சோதனைகளில் ரத்த அழுத்தம் சிறிதளவு இறங்கியிருக்கிறது. அதை நீ மறைக்கவில்லை. ஆனால் பல சோதனைகள் சில வாரங்களோடு முடிந்திருந்தன. நிறைய இடங்களில் கொடுத்தது கடையில் விற்கும் சாக்லெட் இல்லை, அதற்கென்றே தயாரித்த கோகோ. சிலவற்றை நடத்தக் காசு கொடுத்ததே சாக்லெட் கம்பெனிகள். உறையில் போட்டிருக்கும் சதவீதம் கோகோ எவ்வளவு என்று சொல்லுமே தவிர, அந்த நல்ல பொருள் பக்குவம் செய்ததில் போக எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. மீதியெல்லாம் சர்க்கரையும் கொழுப்பும்.

"சாக்லெட் துண்றவங்களுக்கு மாரடைப்பு கம்மின்னு போட்டுக்கீதே?" என்று நான் கேட்டேன்.

"நல்ல சாக்லெட் வாங்கித் துண்ண வசதி இருக்கறவங்களுக்கு நல்ல டாக்டரும் பக்கத்துலயே இருப்பாரு. எது காப்பாத்திச்சின்னு எப்படிச் சொல்லுவே?" என்றாய்.

பட்ட சூட்டில் நான் அடுத்த பக்கம் சாய்ந்தேன். ஆஸ்பத்திரி வாசல் கரும்பலகையில் "கறுப்புச் சாக்லெட் உடம்புக்குக் கெடுதி" என்று பெரிதாக எழுதிவிட்டேன். நீ முந்தானையாலேயே அதை அழித்தாய். "இதுக்கு இன்னா ஆதாரம்? அவனுக்குப் பதிலா நீ பொய் சொல்லப் போறியா?" சாக்பீஸை வாங்கி, "ஆசைக்குக் கொஞ்சம் சாப்பிடலாம். மாத்திரைக்குப் பதில் ஆகாது" என்று எழுதினாய். பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லாத வாக்கியம். மழைக்காலம் வரும்வரை அது அங்கேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை புதூர்நாட்டுக்குப் போனேன். அந்த வரிகளை அட்டையில் போடக்கூடாது, செவிலியர் என்ற வார்த்தையும் வரக்கூடாது என்று சொன்னேன்.

தனலட்சுமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா பத்து வூடு பொழைக்குங்க. நாங்க இன்னா விஷமா விக்கறோம்?"

"விஷம் இல்ல. ரொம்ப நல்லா கீது. அதையே சொல்லி விக்கலாமே."

"ருசின்னு சொன்னா எவன் வாங்குவான் சிஸ்டர்? எல்லாரும் சத்துன்னுதான் கேக்கறான்."

அப்போது பொன்னியின் கதையைச் சொன்னேன். அவள் பேரைச் சொல்லவில்லை. தப்புச் செய்தது நான்தான் என்பதைச் சொன்னேன். கலர்த் தாள், பதிவேடு, பலாமரத்தடி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு பின்வரிசையிலிருந்து முனியம்மாள் மெதுவாக எழுந்தாள்.

"நான் பிரசர் மாத்திரைய நிறுத்தி பத்து நாளாச்சிங்க. தெனம் இதைத்தானே உருட்டறோம், துண்றோம், போதும்னு இருந்துட்டேன்."

அங்கேயே உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன். கருவியில் எகிறி நின்ற எண்ணைத் தனலட்சுமியும் எட்டிப் பார்த்தாள். முனியம்மாளை நான் வந்த ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மறுபடி மாத்திரை போட ஆரம்பித்திருக்கிறாள். சாமை, கோகோ, தேன் என்று உள்ளே இருப்பதை மட்டும் போட்டு அட்டை அச்சாகப் போகிறது. தனலட்சுமி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசுவாள். பேசாவிட்டாலும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் போவேன்.

இதையெல்லாம் கேட்டால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் இந்தத் தைரியம் எனக்குப் பொன்னியிடமிருந்தோ கரும்பலகையிலிருந்தோ வரவில்லை. வாணியம்பாடியில், உன் வீட்டில், நீ இறந்துபோவதற்கு முந்தின மாதம் வந்தது.

புற்றுநோய் உன்னைப் பாதியாக்கியிருந்தது. கீமோவுக்குப் போய்வந்து படுத்திருந்தாய். பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் ஒன்று கொண்டுவந்திருந்தேன். நான்! கசப்புச் சாக்லெட்டில் இருக்கும் சத்து கட்டியைக் கரைக்கும் என்று போனில் வந்ததை நான்கு முறை பார்த்துவிட்டு, திருப்பத்தூரில் இறங்கிக் கடை கடையாய் ஏறி, இருப்பதிலேயே கசப்பானதாய் வாங்கி வந்திருந்தேன். உன் கையில் வைத்து, "தெனம் கொஞ்சம் துண்ணு. எனக்காக," என்றேன்.

நீ உறையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

"உன் ரெஜிஸ்டர்ல இருக்கற ஒருத்தி, இதே வியாதிக்காரி, இதைத் துண்ணா சரியாவுமான்னு கேட்டா நீ இன்னா சொல்வே?"

நான் உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"சொல்லு வசந்தா."

"அதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்வேன்."

"அப்ப எனக்கும் அதையே சொல்லு. எனக்கு மட்டும் ஏன் பொய்? நம்பணும்னு ரொம்ப ஆசையா இருந்தா, அப்பதான் இன்னும் கெட்டியா கேள்வி கேக்கணும்."

உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இது உன் வியாதியைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று, ஒரு வார்த்தை விடாமல், உன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். நீ தலையாட்டினாய். பிறகு ஒரு துண்டு உடைத்துத் தரச் சொல்லி, வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். வாய்ப்புண்ணோடு எவ்வளவு ருசி தெரிந்ததோ, நான் கேட்கவில்லை.

என் நாக்கில் இருந்ததிலேயே கனமான வார்த்தை அது. உன்னிடமே அதைச் சொல்லிவிட்டேன். தனலட்சுமி என்ன, கலர்த் தாளோடு ஜீப்பில் ஏறிவரும் எவனாக இருந்தாலும் என்ன, அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல இனி எனக்கு என்ன பயம்?