ஞாயிற்றுக்கிழமைப் பறை

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். கோகுலம் பூங்காவில் பயிற்சி. தோல் பறையாக இருந்தால் இந்த ஈரத்துக்குத் தொய்ந்துபோயிருக்கும், தீ மூட்டிக் காய்ச்ச வேண்டும். எங்களுடையது ஃபைபர். துடைத்தால் போதும்.

இங்கே கன்னடத்தில் இதற்குத் தமட்டெ என்று பெயர். எனக்குப் பறை என்று சொன்னால்தான் கை விறுவிறுக்கிறது. சொல்லித்தரும் சிவண்ணா மாஸ்டர் இன்று என்னை முன்வரிசைக்கு மாற்றினார். "தோள்ல ஹொடீபேடி, அடிக்க வேணாம் மேடம், மணிக்கட்டு, மணிக்கட்டு!" ஏகப்பட்ட சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு எல்லோரும் தோசைக்கு. பக்கத்து மேசையில் யோகா கற்க வந்த வெள்ளைக்காரப் பெண், கெண்டைக்காலில் பிள்ளையாரைப் பச்சை குத்தியிருந்தாள். எங்கள் கோஷ்டி பொங்கிவிட்டது. "கால்ல போயா புள்ளையாரு? இவங்களுக்கு எல்லாமே அலங்காரம்தான்." அதிகம் பொங்கியது நான். மாஸ்டர் மட்டும் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாங்க: கேஸ் லைட்டர், பையன் ரகுவுக்கு இருமல் மருந்து, பறைக்குச்சியில் சுற்ற டேப்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. ஆபீஸில் ஆடிட் வேலை, கழுத்து வலி.

மதியம் பாக்கியத்துக்குப் பயிற்சி வீடியோ காட்டினேன். அக்கவுண்ட்ஸில் எனக்கு அடுத்த நாற்காலி, ஹனூர் பக்கத்துக்காரி, சேர்ந்த நாளிலிருந்து சாப்பாட்டுக் கூட்டாளி. முழுசும் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எங்கப்பா இத அடிச்சவருதான்."

இத்தனை வருஷம் ஒரே டப்பாவில் கை போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம், எனக்குத் தெரியாது. என் வாயில் வந்தது: "ஐயோ, எவ்ளோ பெருமை! ஏன் சொல்லவே இல்ல?"

"பெருமையா? ஊருல சாவு விழுந்தா போயே ஆகோணும் சுமதி. காய்ச்சல்னாலும் போகோணும். அடிச்சு முடிச்சு வாசலுக்கு வெளிய நின்னு சோறு வாங்கோணும். இனிமே அடிக்கமாட்டேன்னு சொன்னதுக்குக் கடையில அரிசி குடுக்கல. அதுக்கப்புறந்தான் இங்க வந்து பெயிண்டு வேலைக்குப் போனாரு. எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. நீயும் உனக்குள்ள வெச்சுக்க."

சொல்லிவிட்டு ஊறுகாய் கேட்டாள். கொடுத்தேன். வேறு என்ன பேசினோம், நினைவில்லை.

ஜூலை 9, புதன்

காலையில் பீரோ ஒதுக்குகிறேன் பேர்வழி என்று வீட்டில் எதை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டோம் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

கண்ணாடி பதித்த பை, லம்பாணிப் பெண்கள் தைப்பது. தசரா கண்காட்சியில் பேரம் பேசி வாங்கியது, தைத்தவள் பெயர் கேட்கவில்லை.
குடகுக் கருப்புப் புளி.
ராகிக் களி. சின்ன வயதில் "கூலிக்காரங்க சாப்பாடு" என்று அம்மா ஒதுக்கினாள். இப்போது சர்க்கரை வந்ததும் தினமும் அவளே உருட்டுகிறாள்.
ரகுவின் கிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு எல்லாம் வேடிக்கை. "கிட்டார யாருக்குத் திருப்பிக் குடுக்கணும்? அட்ரஸ் விசாரிச்சுச் சொல்லு, கூரியர் பண்றேன்." சிரித்துவிட்டேன்.

ஆனாலும் பையும் புளியும் இந்த அளவு உறுத்தவில்லை. பறைதான் உறுத்துகிறது. ஞாயிறு காலை எடுத்து மாட்டுகிறேன், தோசை ஆசை வந்ததும் கழற்றி வைக்கிறேன். என்னை யாரும் வாசலுக்கு வெளியே நிறுத்துவதில்லை, கைதட்டுகிறார்கள். பாக்கியத்தின் (இனி பா.) அப்பாவுக்கு அதைக் கழற்றி வைக்க ஊரையே விட வேண்டியிருந்தது. எங்கள் சாதியில் யாரும் தொடாத வாத்தியம் என்று முதல் நாள் வகுப்பில் பெருமையாக வேறு சொன்னேன். என்னமோ நான் பெரிய புரட்சி செய்வதுபோல.

சிலிண்டர் புக் செய்ய மறந்தாயிற்று.

ஜூலை 12, சனி

பா.விடம் சொல்லிவிட்டேன், வகுப்பை விட்டுவிடப் போகிறேன் என்று. அவள் முகம் மலரும் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

"விடறதுன்னா விடு. போறதுன்னா போ. எனக்காகன்னு சொல்லாத. நா கேக்கவே இல்லயே! இதுக்கும் நாந்தான் உன்ன நல்லவன்னு சொல்லோணுமா?"

சுருக்கென்றது. அப்புறம் கோபம். ஒருத்தி விட்டுக்கொடுக்க வந்தால் இப்படியா பேசுவது? மதியம் தனியாகச் சாப்பிட்டேன். அவள் எனக்கென்று எடுத்து வைத்த கத்திரிக்காய் வதக்கலைத் தொடவில்லை. சின்னப்பிள்ளைத்தனம். தெரிந்தேதான் செய்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

போனேன். வீம்புக்கு. நன்றாக அடித்தேன், அதுவும் எரிச்சலாக இருந்தது.

இடைவேளையில் அவரவர் வீட்டுக் கலைஞர்களைப் பற்றிப் பேச்சு. ஒருத்திக்கு மாமா வயலின், இன்னொருத்திக்குச் சித்தி நாட்டியம். நான் சும்மா இருந்திருக்கலாம். "என் ஆபீஸ் பிரெண்ட் பாக்கியத்தோட அப்பா பெரிய பறைக் கலைஞர்" என்று விட்டேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நிமிஷம் இனித்தது. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. உனக்குள் வைத்துக்கொள் என்றவளின் விஷயம்.

ஜூலை 18, வெள்ளி

நேற்று எழுதவில்லை. மழை இல்லை, மூட்டம்தான்.

பா.வின் அப்பா போய்விட்டார். நுரையீரல், ரொம்ப நாளாகவே. நேற்றுக் காலை ஆபீஸ் குரூப்பில் செய்தியும் வீட்டு முகவரியும் வந்தன. பறைக் குரூப்பிலும் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஸ்ரீரங்கப்பட்டணம் ரோட்டை ஒட்டிய சின்னத் தெரு. பா. அழுதுகொண்டே என் தோளில் சாய்ந்தாள். கத்திரிக்காய்க் கோபம் எங்கே போனதோ. "ஒண்ணே ஒண்ணுதான் சுமதி சொல்லிட்டுப் போனாரு. எனக்குப் பறை அடிக்கக் கூடாதுன்னு."

போனைப் பார்த்தேன். குரூப்பில் வரிசையாக: 'கலைஞருக்கு நம்ம மரியாதை.' 'எல்லாரும் கருப்புச் சட்டை.' 'ஆட்டோ ஏறிட்டோம்.'

செருப்பு கூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினேன். ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. மடியில் பறையோடு மாஸ்டர் முன்னால்.

"யாக்கே மேடம், ஏனாயித்து? என்ன ஆச்சு?"

"அடிக்க வேண்டாம் மாஸ்டர். சத்தமே வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரியாது. நான்தான் உளறிட்டேன்."

மாஸ்டர் முகம் இறுகியது. "எங்கப்பாவும் சாவுக்கு அடிச்சவர்தான். மூஞ்சில துப்பினாங்க, அதயே நானு மேடைக்கு ஏத்தினேன். இதுல மறைக்க ஏனிதெ, என்ன இருக்கு மேடம்? அவமானமா நாங்க?"

"எனக்குச் சொல்லத் தெரியல மாஸ்டர். நான் சொல்ல வேண்டிய விஷயமும் இல்ல. அவர் சாவு இது, அவர் வேண்டாம்னுட்டார்."

பறையின் விளிம்பைத் தடவினார். ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் இறங்கினார். பறைகளை ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பினார். வெறுங்கையோடு எல்லோரும் உள்ளே வந்தோம். பா. கருப்புச் சட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. சாயந்தரம் வரை என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

எடுக்கும்போது ஒரு சத்தமும் இல்லை. வண்டிக் கதவு, செருப்புகள், யாரோ மூக்கைச் சிந்துவது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். எதிர்வீட்டு அம்மாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். அவளும் நம்ம பக்கம்தான், தர்மபுரி.

"என்னம்மா இது, அநாதை மாதிரி அனுப்பறீங்க? ரெண்டு பேரக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்குப் பதில் தெரியும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. மாஸ்டர் ஆண்களோடு போகாமல் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பா. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்கப்பாதான் ஊருல அடிச்சவரு. எல்லாரையும் அனுப்பி வெச்சவரு. அவரையாவது சும்மா போக விடுங்க."